தகர வேலிக்கு அப்பால் ஒன்றரை மீட்டர்

நான் ஓய்வு பெற்ற வெள்ளிக்கிழமை, காலைத் தேநீர் நேரத்தில் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நாலாவது நிமிடத்தில் சூடான சாசேஜ் ரோல் தட்டு உள்ளே வந்தது. அதற்கப்புறம் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. அடுத்த வாரம் அலுவலகத்து இளம் சர்வேயர்கள் இரண்டு பேரிடமிருந்து மின்னஞ்சல். ஒரே ஊரை நாலு தடவை அளந்ததாகச் சொன்னீர்களே, அதில் ஒரு தடவை தப்பாக அளந்ததாகவும் சொன்னீர்களே, அதற்குள் தட்டு வந்துவிட்டது, மீதியை எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

அவர்கள் வேலை செய்யும் விதமே வேறு. ட்ரோனைப் பறக்கவிட்டு, அது சுற்றி வருவதற்குள் காபி குடித்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் சொல்லாமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. வந்ததெல்லாம் தமிழில் வந்தது. ஆகவே இது.

திருச்சியில் பாலிடெக்னிக் டிப்ளமோ, ரோடு போடும் கம்பெனியில் ஐந்து வருடம், பிறகு கணவர் சேகரின் கம்ப்யூட்டர் வேலையோடு ஆக்லாந்து. என் டிப்ளமோவை இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாட்டின் தென்தீவுக்குப் போய் மறுபடி படித்து, மறுபடி பயிற்சி எடுத்து, என் பெயரில் கையெழுத்திடும் உரிமம் வாங்க ஏழு வருடம் ஆயிற்று. அந்த ஏழு வருடத்தையும் சுருக்கிவிடுகிறேன்: மழை, பரீட்சை, மழை.

உரிமத்தோடு நான் சேர்ந்த சிறிய சர்வே அலுவலகத்தின் தலைவர் கிரஹாம். ஆறடி இரண்டங்குலம், எப்போதும் கழுத்தில் கம்பளி டை, காலில் ரப்பர் பூட்ஸ். என் பெயரை மற்றவர்கள் "கோ" என்று வெட்டிக் கூப்பிட்டபோது, அவர் மட்டும் ஒரு வாரம் காரில் தனியாகச் சொல்லிப் பழகி "கோமதி" என்று முழுசாகக் கூப்பிட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராவது தப்புச் செய்தால் "சுவாரசியம்" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டால் அலுவலகமே நடுங்கும்.

அவருக்கு இரண்டு விதிகள். கள நோட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும், ஆனால் அழிக்கக் கூடாது. தப்பான எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். அலுவலகத்தில் ரப்பரே கிடையாது. புதிதாகச் சேர்ந்தவர் கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொள்வார். இரண்டாவது விதி: பழைய எல்லை முளையைத் தேடாமல் புது முளை அடிக்கக் கூடாது. "இந்த நாட்டில் எல்லையை எண் தீர்மானிப்பதில்லை, கோமதி. முதலில் வந்தவன் தரையில் எங்கே முளை அடித்தானோ, அதுதான் எல்லை. அவன் தப்பாக அடித்திருந்தாலும் அதுதான். நம் வேலை அவனைத் தேடிப் பிடிப்பது." அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். இத்தனை வருடத்தில் எனக்குள் அது தமிழாகவே கேட்கிறது.

அந்த ஊர் ஆக்லாந்தின் தெற்கு ஓரத்து பாபகூராவுக்கும் தெற்கே இருக்கிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை; இதில் வருகிறவர்கள் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

முதன்முதலாக நான் போனபோது அந்த ஊருக்கு ஒரே தெரு. தெருவுக்கும் ஒரே பக்கம். ஒரு புறம் ரயில் பாதையின் வேலி. மறு புறம் சுவரோடு சுவர் ஒட்டிய பத்துக் கடைகள். கடைசி மூலையில் ஒரு சர்ச். அந்தக் காலத்தில் ரயிலில் இறங்கியவர்கள் நேராகக் கடைக்குள் நுழையட்டும் என்று கட்டியிருக்கிறார்கள். நான் போனபோது ரயில் நிலையத்தை எடுத்து வெகு காலம் ஆகிவிட்டது. ரயில் நிற்காமல் போகும். கடைகள் மட்டும் அதைப் பார்த்தபடி நின்றன. கடைகளின் பின்சுவர்களை ஒட்டி நீளமாக ஒரு தகர வேலி, அதற்கப்பால் ஒரு வாய்க்கால், அதற்கும் அப்பால் ஒரு பெரிய புல்வெளி, அதில் மாடுகள்.

அந்தப் புல்வெளியைத்தான் நான் நாலு தடவை அளந்தேன். முதல் தடவை, பண்ணைக்காரரிடமிருந்து வாரன் என்ற கட்டுமானக்காரர் அதை வாங்கியபோது. கடைகளுக்குத் தூரமான பாதியை அவர் வீட்டு மனைகளாகப் போட்டார். கொஞ்ச வருடம் கழித்து அந்த மனைகளின் சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஆள் தோட்டத்தை வெட்டி, பின்னால் இன்னொரு வீடு கட்டி விற்றார்கள். அது இரண்டாவது தடவை. பாட்டில் கழுத்து மாதிரி நீளமான வாகனப் பாதைகள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு வீடு. தபால்காரர் அழுதார். இதற்கிடையே மோட்டார்வே எனும் விரைவுச் சாலைக்கு ஏறும் வழி ஊரின் அந்தப் பக்கம் வந்துவிட்டது. ஊருக்குள் வருகிறவர்கள் எல்லாம் புல்வெளிப் பக்கமாக வர ஆரம்பித்தார்கள். யாரும் திட்டம் போடாமலேயே ஊரின் முகம் முதுகாகிவிட்டது, முதுகு முகமாகிவிட்டது.

மூன்றாவது தடவைதான் இந்தக் கதை. அதற்கு முன்னால் முதல் தடவையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அது என் பெயரில் கையெழுத்திட்ட முதல் பிளான். புல்வெளிக்கும் கடைகளுக்கும் நடுவே எல்லை எங்கே என்று காண வேண்டும். பழைய வரைபடம் சங்கிலிக் கணக்கில் இருந்தது. ரயில் வேலியிலிருந்து தெரு ஒரு சங்கிலி அகலம். அங்கிருந்து கடை மனைகள் இன்னொரு சங்கிலி ஆழம். ஒரு சங்கிலி என்றால் இருபது மீட்டருக்குச் சற்று மேல். வாய்க்கால் கரையில் பழைய முளையைத் தேடினேன். களையும் சேறும்தான் கிடைத்தன. சர்ச் மூலையில் ஓர் இரும்பு ஆணி இருக்க வேண்டும். அதன் மேல் யாரோ கார் ஷெட் போட்டிருந்தார்கள். ஆகவே ரயில் வேலியில் ஆரம்பித்து, இரண்டு சங்கிலி அளந்து வந்தேன். சரியாகத் தகர வேலியின் காலில் வந்து முடிந்தது. இரண்டு சென்டிமீட்டர்கூட வித்தியாசமில்லை. கிரஹாமும் வந்து பார்த்தார். இவ்வளவு அழகாகப் பொருந்துகிறதே என்று எங்களுக்கு ஒரே சந்தோஷம். இங்கே 'பை' என்கிற, இறைச்சி அடைத்த ரொட்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. கணக்குப்படி கடைகளின் முன் எல்லை, கடைச் சுவர்களுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால், தெருவுக்குள் விழுந்தது. வராந்தாவுக்காக உள்ளே தள்ளிக் கட்டியிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தைக் கள நோட்டில் எழுதவும் செய்தேன். இன்றும் அது அங்கே இருக்கிறது. கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

பத்து வருடத்துக்கும் மேல் ஓடிற்று. வாரன் மீதிப் பாதிப் புல்வெளியில் சூப்பர் மார்க்கெட்டும் கார் நிறுத்துமிடமும் ஒரு புதுத் தெருவும் போடத் தயாரானார். எங்கள் அலுவலகத்துக்கு அவர்தான் பெரிய வாடிக்கையாளர். புதுத் தெரு வாய்க்காலை மூடிவிட்டு, கடைகளின் முதுகை ஒட்டிப் போகும். நடைபாதை கட்டி நகராட்சியிடம் ஒப்படைப்பார். ஆனால் நடைபாதைக்கும் தகர வேலிக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு பட்டையைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டார். அதில் உயரமான மரப்பலகை வேலியும் செடிகளும். கடைகளின் அசிங்கமான முதுகு புதுத் தெருவில் தெரியக் கூடாதாம். அந்தப் பட்டை இருக்கும்வரை பத்துக் கடைகளில் ஒன்றுகூடப் புதுத் தெருப் பக்கம் வாசல் வைக்க முடியாது. அடுத்தவர் நிலத்தைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். எதிர்ப்புறம் வாரன் வாடகைக்கு விடப்போகும் கடைகள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் படம் முழுசாகிவிடும்.

தெருவின் நடுவில் இருந்த டெய்ரி புனிதம் அக்காவுடையது. டெய்ரி என்றால் இங்கே பால், பத்திரிகை, பை, மிட்டாய் எல்லாம் விற்கும் சின்னக் கடை. அவரும் கணவர் தில்லை அண்ணையும் யாழ்ப்பாணத்தவர்கள். இரண்டு பேரும் வேறு வேறு தொழிற்சாலைகளில் வேறு வேறு ஷிப்டில் பல வருடம் உழைத்துவிட்டு அந்தக் கடையை வாங்கி, அதன் மாடியில் குடியிருந்தார்கள். இறைச்சிக் கடை மூடியாயிற்று, வங்கி போயிற்று, முடி வெட்டுகிறவர் ஆக்லாந்து நகரத்துப் பக்கம் த்ரீ கிங்ஸுக்கு மாறிவிட்டார். தெருவில் விளக்கு எரியும் கடை இவர்களுடையது ஒன்றுதான். நான் அந்தப் பக்கம் போனால் அங்கே தேநீர் குடிக்காமல் திரும்ப முடியாது.

"பிள்ளை, நான் கடையைத் திருப்பப் போறன்," என்றார் அக்கா ஒரு நாள்.

"கடையைத் திருப்புறதா? எப்படிக்கா?"

"பின்சுவரிலை ஒரு கதவு. சனம் முழுக்க இப்ப அங்காலைதானே போகுது. இஞ்சாலை ஆர் வருகினம்? காலமை ரெண்டு பேர் பேப்பர் வாங்க வருகினம். அதிலை ஒராள் என்ர மனுசன்."

தில்லை அண்ணை பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, "நான் சும்மாதான் வாசிக்கிறனான்," என்றார்.

நான் காரிலிருந்து பிளானை எடுத்து வந்து மேஜையில் விரித்தேன். சொல்லத்தான் வேண்டும் என்று பட்டது. "அது முடியாதுக்கா. வேலிக்கு அந்தப் பக்கம் இந்தப் பட்டை இருக்கு பாருங்க, அது வாரனோட இடம். உங்க எல்லை தகர வேலியோட முடியுது."

"ஆர் சொன்னது?"

"பிளான் சொல்லுது."

"பிளானை ஆர் கீறினது?"

"நான்தான்க்கா."

அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எங்களுக்குக் கடை வித்த மனிசன் வாய்க்கால் வரைக்கும் எங்கட காணி எண்டுதான் சொன்னவர். நீங்கள் படிச்சனீங்கள். வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டுத் தேநீர் எடுக்கப் போனார்.

விற்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு தலையைத் தூக்கினேன். ஐஸ்கிரீம் பெட்டிக்கு மேலே ஒரு பழைய புகைப்படம், முந்தைய சொந்தக்காரர் விட்டுப் போனது. நூறு தடவை பார்த்திருப்பேன். கடைகள், தெரு, ரயில் நிலையம், நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் தொட்டி. தொட்டியின் அடியில் கான்கிரீட் மேடை. படத்தில் ரயில்வே வேலி அந்த மேடைக்கும் தெருவுக்கும் நடுவே போகிறது. அதாவது மேடை வேலிக்கு உள்ளே இருக்கிறது.

அந்த மேடை இன்றும் இருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அதில்தான் உட்காருவார்கள். அது வேலிக்கு வெளியே, தெருவில் இருக்கிறது.

தேநீருக்குக் காத்திராமல் வெளியே ஓடினேன். மேடை இடம் மாறாது. அப்படியானால் வேலி மாறியிருக்கிறது. நிலையத்தை இடித்தபோது யாரோ வேலியைத் தண்டவாளத்தின் பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். மேடையின் தெருப்பக்க ஓரத்திலிருந்து இப்போதைய வேலிக்கு அளவு நாடாவைப் பிடித்தேன். ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நான் அளக்க ஆரம்பித்த கோடே தப்பு. அந்தக் கோட்டிலிருந்து அளந்த எல்லாமே அதே அளவுக்கு ரயில் பக்கம் நகர்ந்திருக்கிறது. கடைச் சுவர்கள் உள்ளே தள்ளிக் கட்டப்படவேயில்லை. அவை சரியாகத் தங்கள் முன் எல்லையில் நிற்கின்றன. பின்னால் தகர வேலி? மாடு வராமல் தடுக்க யாரோ வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே, எல்லைக்கு உள்ளேயே, போட்டுக்கொண்ட வேலி. இரண்டு தப்பும் தற்செயலாக ஒரே இடத்தில் சந்தித்து, என்னைப் பார்த்துச் சிரித்திருக்கின்றன. நான் அதைப் பொருத்தம் என்று நினைத்துப் பை சாப்பிட்டிருக்கிறேன்.

வாரன் வைத்துக்கொண்டிருக்கும் பட்டை முழுவதும் பத்துக் கடைகளின் நிலம். அதை அவருக்குக் கொடுத்தது நான்.

அன்று மாலை வீட்டில் சேகர் சொன்னார்: "ஊர் வேலியெல்லாம் பாத்துட்டு வர்ற, நம்ம வீட்டு வேலி சாஞ்சு கிடக்கு." வழக்கமாகச் சிரிப்பேன். அன்று அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய் மறுநாளே வேலியை நிமிர்த்திவிட்டார்.

காலையில் கிரஹாமின் அறைக்குப் போனேன். தேநீருக்குக் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"சுவாரசியம்," என்றார். பிறகு கெட்டிலை அணைத்தார். தேநீர் போடாமல் அவர் கெட்டிலை அணைத்து நான் பார்த்ததில்லை. "அன்றைக்கு நானும் அங்கே நின்றேன். இப்போது உன்னிடம் இருப்பது ஒரு புகைப்படம். புகைப்படம் எல்லை ஆகாது. முளை வேண்டும்."

தோண்டுவதற்கு முன் வாரனுக்கு அவரே தொலைபேசினார். முதலில் பாதிக்கப்படப் போகிறவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றார். வாரன் சிரித்தாராம்: "தோண்டுங்கள், மண்புழுதான் கிடைக்கும்."

சர்ச் மூலையில் கார் ஷெட் அதற்குள் போய்விட்டிருந்தது. பூமிக்கடியில் இரும்பு இருந்தால் கீச்சிடும் கருவியை ஓட்டினோம். மூன்றாவது சுற்றில் கீச்சிட்டது. நாற்பது சென்டிமீட்டர் ஆழத்தில், துருவேறி, நிமிர்ந்து நின்றது அந்த ஆணி. முதல் தடவை ஷெட்டின் தரையை உடைக்க அனுமதி கேட்டிருந்தால் அன்றே கிடைத்திருக்கும். அங்கிருந்து பழைய வரைபடத்தின் கோணத்தையும் தூரத்தையும் வைத்து, வாய்க்கால் கரையில் முளை இருக்க வேண்டிய இடத்தைக் குறித்தோம். மர முளை, கருவி கீச்சிடாது. கையால்தான் தேட வேண்டும்.

இந்த வேலையை எப்படிச் செய்வது என்று இளையவர்களுக்குச் சொல்கிறேன், இனி யாரும் செய்யாவிட்டாலும். மண்வெட்டி கூடாது. மேல் மண்ணை ஓரடிக்கு எடுத்த பிறகு, கொத்தனார் கரண்டியைப் படுக்கை வாட்டில் பிடித்து, தோசைக் கல்லைச் சுரண்டுவதுபோல் சுரண்ட வேண்டும். ஒவ்வொரு சுரண்டலுக்கும் நிறுத்தி நிறத்தைப் பார்க்க வேண்டும். மரம் நூறு வருடத்தில் மக்கிப் போயிருக்கும். ஆனால் மக்கிய இடத்தில் மண் கறுத்திருக்கும். வேர் மக்கினால் கறை வட்டமாக, கோணல்மாணலாக இருக்கும். முளை மக்கினால் நாலு மூலையும் நேராக இருக்கும்.

மழை தூற ஆரம்பித்தது. தில்லை அண்ணை குடையோடு வந்தார். எங்களுக்குப் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். குழிக்குப் பிடித்தார். "மண் நனைஞ்சால் நிறம் மாறிடும் எண்டு இப்பதானே சொன்னனீங்கள்," என்றார். நாங்கள் இரண்டு பேரும் நனைந்தோம், குழி நனையவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து, மஞ்சள் களிமண்ணில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக ஒரு சதுரம் தெரிந்தது. நாலு மூலை. கிரஹாம் முழங்காலில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்திலிருந்து மூன்று சென்டிமீட்டர். தகர வேலியிலிருந்து ஒன்றரை மீட்டர்.

அப்போது வாரன் வந்தார். பெரிய உடம்பு, சத்தமான ஆள், ஆனால் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. குழியை எட்டிப் பார்த்தார்.

"இது கறை," என்றார்.

"கறைதான்," என்றேன். "முளையின் கறை."

"பத்து வருடத்துக்கு முன் எல்லை வேலியில் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டது யார்?"

"நான்."

"அதை நம்பித்தான் நான் தெருவையே வரைந்தேன்." பிறகு, எனக்கே ஆச்சரியமாக, குரலைத் தாழ்த்தினார். "பாருங்கள், யாரும் வழக்குப் போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. உங்கள் பெயருக்கும் இது நல்லதில்லை. மண்ணை மூடிவிடுங்கள். அடுத்த வாரம் இங்கே கான்கிரீட் வந்துவிடும்."

கிரஹாமைப் பார்த்தேன். அவர் தூரத்தில் இருந்த சர்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். தில்லை அண்ணை குடையைப் பிடித்தபடி நின்றார். வாரன் பேசிய வேகத்தில் அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், நான் யோசித்தேன். உரிமம் போகலாம். வாரன் போனால் அலுவலகத்தில் பாதி வேலை போகும். பத்துப் பேர் இருந்தோம். ஒன்றரை மீட்டர் களிமண்ணுக்காகவா என்று ஒரு குரல் எனக்குள்ளேயே கேட்டது. பிறகு குழியைப் பார்த்தேன். அந்தச் சதுரம் அங்கேயே இருந்தது.

"நான் பார்த்துவிட்டேன், வாரன்," என்றேன். "இனிமேல் பார்க்காத மாதிரி கையெழுத்துப் போட முடியாது."

அவர் காருக்குப் போனார். மறுநாள் அவருடைய கோப்புகளை எல்லாம் வேறு அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்த வருடம் எங்களிடமிருந்து இரண்டு பேர் வேறு வேலை தேடிப் போனார்கள். அதில் ஒருவர் இன்றும் என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைப்பார். அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

காரில் திரும்பும்போது கிரஹாமிடம் கேட்டேன்: "ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை?"

"கையெழுத்து உன்னுடையது," என்றார். ஒரு மைல் தூரம் கழித்து, "நீ மூடியிருந்தால் நான் பேசியிருப்பேன்," என்றார்.

பதிவு அலுவலகத்துக்குத் திருத்தப் பிளானும் அறிக்கையும் அனுப்ப வேண்டும். அறிக்கையை இரண்டு பக்கம் எழுதினேன். கிரஹாம் திருப்பித் தந்தார். ஒரு பக்கம் ஆக்கினேன். திருப்பித் தந்தார். "இதில் பாதி மன்னிப்பு. மன்னிப்பால் யாரும் எல்லையைக் கண்டுபிடிக்க முடியாது. என்ன செய்தாய், ஏன் தப்பு, இப்போது என்ன கண்டாய், அவ்வளவுதான்." நாலாவது தடவை ஆறு வரி வந்தது. அதை வைத்துக்கொண்டார். உரிமம் போகவில்லை. திருத்தம் ஏற்கப்பட்டது, இனி மூலை ஆணிகளைத் தேடாமல் விட வேண்டாம் என்று ஒரு பக்கக் கடிதம் வந்தது. அதை மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் பாராட்டுக் கடிதம் என்று நினைத்துக் கிட்டே போய்ப் படிப்பார்கள்.

அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். "உங்க இடம் வாய்க்கால் வரைக்கும்தான்க்கா. நான்தான் தப்பாப் போட்டிருந்தேன்."

அக்கா சில்லறைப் பெட்டியை மூடினார். "அப்ப இவ்வளவு வருசமும் எங்கட காணியிலைதான் அந்த மாடுகள் நிண்டதோ?"

"ஆமாக்கா."

"பால் தந்திருக்கலாம்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சரி, விடுங்கோ பிள்ளை. பிழை விட்ட ஆளே வந்து கதைக்கிறது லேசான விசயமில்லை. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

வாரனின் பலகை வேலி வரவே இல்லை; பழைய தகர வேலியும் போயிற்று. நடைபாதை நேராகக் கடைகளின் நிலத்தைத் தொட்டது. அக்காவுக்குப் பிறகு இன்னும் ஆறு கடைகள் பின்சுவரை உடைத்தன. இறைச்சிக் கடை இருந்த இடத்தில் பல் மருத்துவர் வந்தார். இப்போது புதுத் தெருவைத்தான் ஊர் மெயின் தெரு என்கிறது. கார் நிறுத்துமிடத்தில் பாதி மூன்று மாடி வரிசை வீடுகளாகிவிட்டது. அது என் நாலாவது அளவு. அங்கே குடிவந்தவர்களில் நம் ஊர்க்காரர்களும் நிறைய. அவர்களிடம் இது மாடு மேய்ந்த இடம் என்று சொன்னால் வீட்டு விலையைக் குறைக்கப் பார்க்கிறேன் என்று நினைக்கிறார்கள். ரயில் மறுபடி நிற்கும் என்ற பேச்சும் அடிபடுகிறது. நின்றால் பழைய தெருவே மறுபடி முகமாகலாம். அக்காவிடம் கேட்டேன். "எதுக்கும் ரெண்டு கதவும் இருக்கட்டும்," என்றார்.

கதவு திறந்த நாளைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. இளையவர்களுக்கு எழுதிய பக்கத்திலும் அது இல்லை.

சனிக்கிழமை காலை. கொட்டுகிற மழை. பின்சுவரில் புதுக் கண்ணாடிக் கதவு. அக்கா சாமி படத்துக்கு விளக்கேற்றி, பை சூடாக்கும் பெட்டியில் பைகளுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு உளுந்து வடையும் வைத்திருந்தார். நானும் கிரஹாமும் போயிருந்தோம். கதவைத் திறந்து ஐந்து நிமிடம் யாரும் வரவில்லை. பிறகு ஒருவர், மழைக்கு ஒதுங்க, தலைக்கு மேல் ஒரு சுருட்டிய வரைபடத்தைப் பிடித்தபடி ஓடி வந்து உள்ளே நுழைந்தார். எதிரே வேலை நடந்துகொண்டிருந்த இடத்திலிருந்து வந்த வாரன்.

அக்காவுக்கு அவரைத் தெரியாது. பேர் மட்டும்தான் கேள்விப்பட்டிருந்தார். "முதல் ஆள் நீங்கள்தான்," என்று தன் ஆங்கிலத்தில் சொல்லி, கேட்ட பையோடு ஒரு வடையையும் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்தார். காசு வேண்டாம் என்று தலையாட்டினார். அப்போதுதான் வாரன் திரும்பி எங்களைப் பார்த்தார். வடையை ஒரு கடி கடித்தார். மென்றார். எங்களைக் கடந்து விறுவிறுவென்று நடந்து, எதிர்ப்பக்கக் கதவு வழியாக வெளியே போய்விட்டார்.

அது பழைய வாசல்.

கண்ணாடி வழியாகப் பார்த்தோம். காலித் தெருவில், மழையில், ரயில் வேலியைப் பார்த்தபடி நின்றார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். இந்தப் பக்கம் அவர் வந்தே பல வருடம் ஆகியிருக்கும். பத்துக் கடையும் சுவரோடு சுவர். நடுவே சந்து கிடையாது. தன் காருக்குப் போக சர்ச் மூலைவரை சுற்றிக்கொண்டு போக வேண்டும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சொட்டச் சொட்டத் திரும்பி உள்ளே வந்தார்.

கிரஹாம் மிட்டாய்ப் புட்டிகளை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"அங்காலை, ஸேர்," என்று அக்கா புதுக் கதவைக் காட்டினார்.

வாரன் என் பக்கத்தில் ஒரு கணம் நின்றார். "நல்ல இடத்தில்தான் கதவு வைத்திருக்கிறார்கள்," என்றார். பிறகு கதவைத் திறந்து வெளியே காலை வைத்தார். அக்காவின் காணியில் இரண்டே எட்டு. மூன்றாவது எட்டில் அவர் கட்டிய நடைபாதையில் இருந்தார்.